விழுவதற்கு முன்னால் கேட்ட சத்தம்

எங்கள் அண்ணனின் வீடியோ கேமராவுக்குக் காது போனது பம்மலில் நடந்த ஒரு கல்யாணத்தில். பந்தி நடந்துகொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து இடித்துவிட்டார்கள். தோளிலிருந்த கேமரா சாய்ந்து, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மைக் மட்டும் சாம்பார் வாளியில் முங்கி எழுந்தது. அண்ணன் அதைத் துடைத்தான், வெயிலில் காயவைத்தான், ஊதிப் பார்த்தான். ஒரு வாரம் கழித்து, "படம் வருதில்ல, அது போதும். சத்தத்துக்கு வேற வழி பாக்கலாம்" என்றான்.

அந்த வேற வழி நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடையின் முன்பக்கம் வாடகைக்குக் கொடுக்கிற வீடியோ கேசட்டுகள் அடுக்கியிருக்கும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் அண்ணன் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவான். பின்பக்கத்து அறை என்னுடையது. நான் ஒன்பதாம் வகுப்பு பாதியில் நின்றவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வீட்டில் யாராவது இருக்க வேண்டும் என்றார்கள். இருந்தேன். அம்மா தேறியபோது என் வகுப்புப் பிள்ளைகள் பத்தாவது போயிருந்தார்கள். கூச்சத்தில் நான் போகவில்லை.

எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ஆள். வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பார்த்தேனே, தாழ்ப்பாள் போட்டேனா என்று அடுத்த கவலை. அண்ணன் இதைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. ஆனால் கேமராவுக்குக் காது போனதும் அவனே சொன்னான்: "நீ எப்பவும் எதையாவது நெனச்சி பயந்துகினே கீற. அந்த பயத்த தூக்கி இதுல போடு. இந்த வேலைக்கு உன்ன மாதிரி ஆளுதான் தோது."

வேலை இதுதான். மண்டபத்தில் மைக் செட்காரருடைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து எங்கள் டேப் ரிக்கார்டரில் சொருகிவிடுவோம். பேச்சு, பாட்டு, மேளம் எல்லாம் அந்த ஆடியோ கேசட்டில் ஏறும். படம் கேமராவில் தனியாக ஓடும். பிறகு வீடியோ கேசட்டை டெக்கில் போட்டு, படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் புதிதாக ஏற்றும் பொத்தானை அழுத்த வேண்டும். மறு கையால் டேப் ரிக்கார்டரையும் அதே கணத்தில் ஓடவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் பேசிவிடுவார். கொஞ்சம் பிந்தினால் பேசி முடித்து வாயை மூடிய பிறகு பேசுவார்.

எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு ஒரு அடையாளம் வேண்டும். கண்ணுக்கும் தெரியவேண்டும், காதுக்கும் கேட்கவேண்டும். தேங்காய் உடைத்தால் எனக்கு அன்றைக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. மைக் செட்காரர் விரலால் மைக்கைத் தட்டினால் அதுவும் நல்லது. புரோகிதர் கையை ஆட்டிக் கெட்டிமேளம் கேட்பதையும் தவில்காரர் முதல் அடி போடுவதையும் பிடித்துக்கொண்டு எத்தனையோ கல்யாணங்களை ஒட்டியிருக்கிறேன். எதுவும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? கேமராவுக்கு முன்னால் வந்து நின்று ஒரே ஒரு தடவை கையைத் தட்டு என்று அண்ணனிடம் சொல்லிவைத்தேன். அனகாபுத்தூரில் ஒரு ரிசப்ஷனில் தட்டினான். மணமக்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து மண்டபமே எழுந்து நின்று தட்டியது. வெறும் மேடை, காலி நாற்காலி இரண்டு, நடுவில் இவன். "மானம் போச்சிம்மே. இனிமே நீயே வந்து தட்டிக்கோ" என்றுவிட்டான்.

ஆரம்பத்தை ஒட்டினாலும் வேலை முடியாது. மண்டபத்தில் டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீரத் தீர மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் பதிந்ததை வீட்டில் ஒழுங்கான வேகத்தில் ஓடவிட்டால் சத்தம் படத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் ஓடிவிடும். டேப் ரிக்கார்டர் மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதற்குள் ஒரு திருகாணி. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் வைத்திருக்கிற மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டு ஒரு நூல் திருப்பினால் வேகம் குறையும், மறுபக்கம் திருப்பினால் கூடும். பின்மூடியைக் கழற்றியே வைத்திருந்தேன். ஒரு கை திருகாணியில், கண் டிவியில் தெரியும் உதடுகளில். இரண்டு மணி நேரக் கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரமும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். நடுவில் தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்வேன். இதனால் எதிரில் பேசுகிற யாராக இருந்தாலும் உதட்டையே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. தெருவில் காய் விற்கிற அம்மா ஒருநாள், "இன்னாம்மே, வாயில எதுனா ஒட்டிக்கினு கீதா?" என்று கேட்டே விட்டார்.

அந்த நாட்களில்தான் குரோம்பேட்டைப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். சிட்டியில் ஏதோ ஆபீசில் வேலை. தினமும் எலெக்ட்ரிக் டிரெயினில் போய் வருகிறவர். தோள்பையும் டிபன் பாக்ஸுமாக நேரே ஸ்டேஷனிலிருந்து கடைக்கு வந்திருந்தார். மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். தாம்பரத்தில் மண்டபம்.

"அரங்கேற்றம்னு இல்லம்மா, அதைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு" என்றார். சிட்டியில் ஒரு நடனப் பள்ளியில் முழுநேரம் தங்கிப் படிக்க மகள் ஆசைப்படுகிறாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். விண்ணப்பத்தோடு அவள் ஆடிய வீடியோ கேசட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜதி வருகிற உருப்படி ஒன்று, பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிற உருப்படி ஒன்று. அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்களாம். "அவளுக்கு வேற எதுலயும் மனசு போகல. இது ஒண்ணுதான். நல்லபடியா எடுத்துக் குடுங்க."

நல்லபடியாக என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

அண்ணன் மட்டும் போய் எடுத்துவந்தான். மறுநாள் உட்கார்ந்தேன். முதலில் ஜதி உருப்படி. பெண்ணின் காலும், அவளுக்குக் கற்றுக்கொடுக்கிற டான்ஸ் மிஸ் கையில் தட்டுகிற தாளமும் ஒன்றாக விழவேண்டும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாம் போல அவ்வளவு சுத்தமாக ஆடியிருந்தாள். சலங்கை ஒவ்வொன்றும் எண்ணி வைத்த மாதிரி. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பிறகு பாட்டு. அது மெதுவாகப் போகிற பாட்டு. தம்புரா ஓடுகிறது, பெண் நின்றுகொண்டிருக்கிறாள், காலை எடுத்து வைக்கிறாள். பாட்டு வரவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் பாடுகிறவர் முதல் சொல்லை எடுக்கிறார். அடுத்த வரியிலும் அப்படியே. கால் முதலில், பாட்டு பின்னால். ஒரு அரை நொடி இருக்கும்.

பேட்டரி வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தேன். பேட்டரி தீர்ந்தால் சத்தம் முன்னால் ஓடும், பின்தங்காது. அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை டேப்பை அரை நொடி முன்னதாகவே ஓடவிட்டேன். அவள் காலை வைத்ததும் பாட்டின் முதல் சொல் அதன் மேல் வந்து உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது. தாளம் மட்டும் காலோடு சேராமல் இரண்டு அடிக்கு நடுவில் விழுந்துகொண்டிருந்தது. சங்கீதத்தில் அப்படியெல்லாம் இருக்கும்போல, நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். பாட்டுச் சொல்லும் காலும் சேர்ந்தால் போதாதா? கடைசி வரை திருகாணியில் கை வைத்துக்கொண்டு, அந்தச் சேர்க்கை கலையாமல் காவல் காத்தேன்.

கேசட்டை நகல் எடுத்து, அந்த அம்மா ஆபீசிலிருந்து திரும்பும்போது கொடுத்தோம்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு பகல் நேரத்தில் கடை வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். புடவையை இழுத்துச் செருகியிருந்தார்.

"புதுப் படம் எதும் வரலம்மா, வெள்ளிக்கெயம வாங்க" என்றான் அண்ணன்.

"படம் வேணாம் சார். நான் டான்ஸ் மிஸ். அந்த அரங்கேற்றத்துல தாளம் போட்டது நான்தான். அந்த கேசட்டை நான் பார்க்கணும். உங்ககிட்ட காப்பி இருக்கா?"

விஷயத்தை நின்றுகொண்டே சொன்னார். பன்னிரண்டு நாளாக அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு டெக்கில் கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து சலங்கையைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். விண்ணப்பம் பூர்த்தி செய்யாமல் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை.

"நேத்து வீட்டுக்கே போய்ட்டேன். 'பாட்டு முழுக்க தாளம் தப்பி ஆடியிருக்கேன் மிஸ், எனக்கே தெரியலை, எனக்கு தாளமே கெடையாது'ங்கறா. நான் பக்கத்துல உக்காந்து தாளம் போட்டவ. தப்பினா எனக்குத் தெரியாதா? சொன்னா, 'சமாதானத்துக்குச் சொல்றீங்க'ங்கறா. அப்படி என்னதான் பார்த்தான்னு நான் பார்த்தாகணும்."

கேசட்டைப் போட்டேன். ஜதி உருப்படியைப் பார்த்துத் தலையாட்டினார். பாட்டு தொடங்கி ஒரு வரி போயிருக்காது, நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்தார்.

"நிறுத்துங்க. இல்ல, படம் ஓடட்டும். சத்தத்தைக் குறைங்க. சுத்தமா."

டிவி ஊமையானது. அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, சன்னமான குரலில் தானே பாட ஆரம்பித்தார். டிவியில் அந்தப் பெண்ணின் கால், இங்கே இவர் கை. ஒன்றோடொன்று அப்படிப் பொருந்தியது. முன்னால் பின்னால் ஒரு மயிரிழை இல்லை. ஆனால் பாட்டின் சொல் மட்டும் தொடைத் தட்டலோடு வராமல், தட்டிய பிறகு சற்றுக் கழித்து அவர் வாயிலிருந்து வந்தது. அதைப் பார்த்ததும்தான் நான் எதை நகர்த்தியிருக்கிறேன் என்று புரிந்தது.

"இப்ப சத்தம் வைங்க" என்றார். வைத்தேன். கால் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்.

"யார் சத்தம் சேத்தது?"

"டெக்கு ஹெட்டு தேஞ்சி பூட்ச்சி மேடம், அதான் கொஞ்சம் பேஜார் பண்ணுது..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"நான்தாங்க" என்றேன். அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தைரியமெல்லாம் இல்லை. பொய் சொன்னால் அதை எத்தனை நாள் காப்பாற்ற வேண்டும் என்ற பயம். "காலு முன்னாடி வந்துச்சி, பாட்டு லேட்டா வந்துச்சி. மிஷின் தப்புன்னு நெனச்சி, பாட்ட முன்னாடி தள்ளிட்டேங்க."

மிஸ் என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "பாட்டு தாளத்தோட ஒண்ணாத்தான் ஆரம்பிக்கணும்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க."

"இந்தப் பாட்டு அரை இடம் தள்ளித்தான் எடுக்கணும். அதுதான் இதோட அழகே. கால் தாளத்துல விழும். பாட்டு கொஞ்சம் நின்னு வரும். சரியா இருந்ததைச் சரி பண்ணியிருக்கீங்க." சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "பாவம்மா அந்தப் பொண்ணு. பதினேழு வயசு. டிவியில தெரியறது பொய்யா இருக்கும்னு அவளுக்கு எப்படித் தோணும்?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிதாகச் சேர்த்துத் தருகிறேன் என்றேன். நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எதை நம்பி ஒட்டுவது? காலை நம்பினேன், கெடுத்தேன். பாட்டை நம்பினேன், கெடுத்தேன். அரை இடம் என்று மிஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒட்டலாம், ஆனால் என் காதுக்கு அரை எது, முக்கால் எது? சங்கீதமே தெரியாத ஒரு சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. தேங்காய் மாதிரி, கைதட்டல் மாதிரி ஒன்று. ஆடியோ கேசட்டை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கேட்டேன். பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் 'டொம்' என்று பெரிய சத்தம், அதன் பின்னால் மைக் செட்டின் கீச்சு. முன்னால் ஒட்டியபோது அதைக் கேட்டிருக்கிறேன். காலையே பார்த்துக்கொண்டிருந்ததால் மனதில் வாங்கவில்லை.

"அண்ணா, பாட்டு நடுவுல எதாவது வியுந்துச்சா?"

"ஆமா, மிருதங்கக்காரரு மைக்கு. ஸ்டாண்டோட வியுந்துச்சி. சொல்ல மறந்துட்டேன்."

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திரையின் இடது ஓரத்தில், பாதிதான் தெரிகிற மாதிரி, மைக் ஸ்டாண்டு சாய்ந்து தரையில் மோதியது. பெண்ணின் கண் அந்தப் பக்கம் ஒருமுறை போய்வந்தது. நான் சேர்த்துக் கொடுத்திருந்த கேசட்டின் நகலில் அதே இடத்தைப் போட்டேன். முதலில் 'டொம்'. மைக் அப்போதுதான் சாயவே ஆரம்பித்திருந்தது. விழுவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கச் சங்கீதம் எதற்கு? நான் எவ்வளவு தெளிவாகத் தப்புச் செய்திருக்கிறேன் என்பதை ஒரு மைக் ஸ்டாண்டு சொல்லிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.

அதை அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு நகலில், மைக் தரையில் படுகிற இடத்தில் 'டொம்' விழுகிற மாதிரி மொத்தப் பாட்டையும் சேர்த்தேன். ஆறு தடவை செய்தேன். ஆறாவதில் ஒட்டியது. பிறகு காலைப் பார்த்தேன். தாளத்தோடு சேர்ந்து விழுந்தது. பாட்டு சற்று நின்று, தன் இடத்தில் வந்தது. அழகாகத்தான் இருந்தது.

அண்ணன் சொன்னான்: "புது கேசட்ட குட்த்துட்டு வந்துடு. பழச பத்தி வாயே தொறக்காத. அவங்க நாலு பேருகிட்ட சொன்னா, நாளைக்கு எவன் நம்பி நம்மகிட்ட கல்யாணம் எடுக்கச் சொல்வான்?"

"பழசப் பத்தி பேசலன்னா, புதுசு இன்னாத்துக்குன்னு கேப்பாங்களே."

"டிஜிட்டலு, கிஜிட்டலுன்னு எதனா சொல்லு."

அவன் சொன்னது தப்பென்று சொல்லமாட்டேன். கடை அவனுடையது. எனக்கும் அதே பயம்தான், இன்னும் இரண்டு பங்கு கூட. ஆனாலும் இரண்டு கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் டெக்கையும் பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை ஆட்டோவில் போனேன். அண்ணனும் கூடவே வந்து, வீட்டு வாசலில் டெக்கை இறக்கிவைத்துவிட்டு, "நீயே பேசு, நான் டீ குடிக்கிறேன்" என்று தெருமுனைக்குப் போய்விட்டான்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். மிஸ் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தார் போல. கோபம் இல்லை, களைப்புதான் தெரிந்தது. "நீங்க சொல்லிப் பாருங்க. எங்க பேச்சு எடுபடலை" என்று உள்ளே பார்த்து, "இங்க வாடி, உனக்காகத்தான் டெக்கெல்லாம் தூக்கிட்டு வந்திருக்காங்க" என்றார்.

பெண் வந்து சுவரோரம் நின்றாள். அரங்கேற்ற அலங்காரத்தில் பார்த்தவளா இவள் என்று இருந்தது. வாரிப் பின்னாத தலை, வெளுத்த பாவாடை. நான் கோர்வையில்லாமல் எதை எதையோ சொன்னேன். பேட்டரி, அரை இடம், நான் ஒன்பதாவதோடு நின்றது, எனக்குத் தாளம் தெரியாதது. எதற்கு ஒன்பதாவதைப் பற்றிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பயம் வந்தால் நான் தேவையில்லாததை எல்லாம் சொல்வேன்.

"பரவால்லக்கா" என்றாள், என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்கிற மாதிரி.

புதிய கேசட்டைப் போட்டேன். பாட்டு ஓடியது. அவள் அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பாத்தியாடி! எவ்வளவு கரெக்டா இருக்கு!" என்று அழுதேவிட்டார்.

பெண் அசையவில்லை. "அக்கா, சத்தத்தை எங்க வேணா நகர்த்தலாமா?"

"நகர்த்தலாம்மா."

"அப்ப இதையும் நீங்க நகர்த்தித்தானே சரி பண்ணியிருக்கீங்க. நான் தப்பா ஆடினதுக்கு ஏத்த மாதிரி பாட்டை வெச்சிருக்கீங்க. அந்தப் பழைய கேசட்தான் நிஜம்."

நேர்மையாக இருக்கிறேன் என்று நகர்த்தியதை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதே இப்போது எனக்கு எதிராக நின்றது. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருப்பேன், நல்ல செய்தி எதையும் நான் ஒரே தடவையில் நம்பினதில்லை.

"பாட்டு நடுவுல ஒரு மைக்கு விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"மிருதங்க மாமாவோட மைக். பயந்தே போயிட்டேன். ஆனா நிறுத்தலை."

பழைய கேசட்டை எடுத்துப் போட்டேன். தேடி அந்த இடத்தில் நிறுத்தினேன். "டிவியில இந்த ஓரத்தப் பாரு. உன்னைப் பாக்காத. மைக்க மட்டும் பாரு."

ஓடவிட்டேன். 'டொம்' என்றது. அதற்குப் பிறகு ஸ்டாண்டு நிதானமாகச் சாய்ந்து தரையில் விழுந்தது, ஒரு சத்தமும் இல்லாமல்.

"என்னடி இது! விழறதுக்கு முன்னாடியே கத்துது?" என்றார் அம்மா.

பெண் சுவரை விட்டு வந்தாள். "மறுபடி போடுங்க."

போட்டேன். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை அவள் உதட்டில் ஏதோ துடித்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. "இப்ப அதைப் போடுங்கக்கா." புதியதைப் போட்டேன். ஸ்டாண்டு சாய்ந்தது, தரையில் பட்டது, 'டொம்'. திரைக்குள் அவள் கண் ஓரம் போய்த் திரும்பியது. தரையில் உட்கார்ந்திருந்தவள், "ஆமா, அப்பத்தான் பார்த்தேன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பிறகு பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னாள். அவள் வலது கை முழங்காலில் மெல்லத் தட்டத் தொடங்கியது. இரண்டு வரி போனதும் முதுகு நிமிர்ந்தது. நான் டிவியைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

பாட்டு முடிகிற சமயத்தில் கை நின்றது. "இங்க" என்றாள்.

டெக்கின் பக்கம் குனிந்தேன். "இன்னா ஆச்சி?"

"கொஞ்சம் பின்னாடி போங்க. இதோ, இந்தத் திரும்பல். கால் லேட்டு." மறுபடி பார்த்தோம். உண்மைதான். திரும்பி வந்து வைக்கிற கால், தாளம் விழுந்த பிறகுதான் தரையைத் தொட்டது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம். அவள் காட்டியிருக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. "இது என்னோடது" என்றாள். அதைச் சொன்ன குரலில் வருத்தமே இல்லை. தொலைத்த பொருள் ஒன்று வீட்டுக்குள்ளேயே கிடைத்த மாதிரி இருந்தது.

"அத வேணா நான் சரி பண்ணித் தரட்டுமா?" என்றேன் அவசரமாக. "அந்த எடத்துல மட்டும் திருகாணிய லேசா திருப்பினா போதும். அஞ்சு நிமிஷம். பார்க்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"வேணாம்க்கா. லேட்டா வெச்சது நான்தான். அது அப்படியே இருக்கட்டும்."

அவள் அம்மா உள்ளே போய் விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்துவந்தார். எங்கே வைத்து எழுதுவது என்று பெண் சுற்றிலும் பார்த்தாள். டிவி ஸ்டூலில் இடமில்லை. எங்கள் டெக்கின் மேலேயே காகிதத்தைப் பரப்பிக்கொண்டாள். டெக் சூடாக இருந்தது, காகிதம் சுருண்டது, இடது கையால் அழுத்திக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். பிறந்த தேதியில் ஒரு எண்ணை அடித்து எழுதினாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

நான் புதிய கேசட்டை உறையில் போட்டு நீட்டினேன். நீட்டியதைக் கையிலிருந்து விடாமல், "இல்ல, அந்த ஒரு கால மட்டும்..." என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"அக்கா!" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு கேசட்டைக் கொடுத்தேன்.